கொடுப்பவளும் அவளே... வாங்குபவளும் அவளே!

2004-ம் ஆண்டு டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை காலை. கடலூர் கடற்கரைக் குப்பங்களில் அன்று என்ன நடந்தது என்பதை உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால், ஒரு கணக்கு மட்டும் பலருடைய கவனத்துக்கு வரவே இல்லை. ஆக்ஸ்ஃபாம் அமைப்பு 2005 மார்ச்சில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன்படி கடலூர் மாவட்டத்தில் அலைக்குப் பலியான பெண்கள் 391 பேர். ஆண்கள் 146 பேர்!

ஏன் இந்த வித்தியாசம்? ஆண்களில் பலர் படகில் நடுக்கடலில் இருந்தார்கள். ஆழ்கடலில் சுனாமி, படகுக்கு அடியில் லேசாக முதுகைத் தூக்கிவிட்டுப் போய்விடும். கரையில்தான் அதன் ஆட்டம். மீன் வரும் என்று கரையில் கூடையோடு காத்திருந்தவர்கள் பெண்கள். வீட்டில் குழந்தைகளோடு இருந்தவர்களும் பெண்கள்.

அடுத்து என்ன? கைக்குழந்தையும் கையுமாக நின்ற இளம் தகப்பன்களைப் பார்த்து ஊர்ப் பெரியவர்கள் சொன்னதை நீங்களே ஊகிக்கலாம். ‘‘பிள்ளைங்களைப் பார்த்துக்க ஒரு ஆள் வேணாமாப்பா?’’ அந்த வருடமே கடலோரக் கிராமங்களில் மறுமணங்கள் வரிசையாக நடந்தன. புருஷனைப் பறிகொடுத்த பெண்ணும், மனைவியைப் பறிகொடுத்த ஆணும் ஆளுக்கு ஒன்றிரண்டு பிள்ளைகளோடு சேர்ந்து புதுக் குடும்பம் தொடங்கினார்கள். நல்ல விஷயம்தானே?

நல்ல விஷயம்தான். ஆனால் ஒரு கேள்வி. அந்தப் பிள்ளைக்குச் சோறு ஊட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்விட்ட அந்தப் புது அம்மா, சட்டப்படி அதற்கு யார்?

பதில்: யாருமில்லை. அப்பாவின் மனைவி. அவ்வளவுதான்.

‘சரி, அவர் அந்தப் பிள்ளையை முறைப்படி தத்து எடுத்துக்கொண்டிருக்கலாமே’ என்பீர்கள். 2005-ல் அது முடியாது! ஒரு சித்தி தன் புருஷனின் பிள்ளையைத் தத்து எடுக்க அன்றைய இந்துத் தத்துச் சட்டத்தில் வழியே கிடையாது. எப்படி இப்படி ஒரு ஓட்டை? அதைப் புரிந்துகொள்ள, கடலூரிலிருந்து கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். கொஞ்சம் என்றால்... ஆயிரம் வருடங்களுக்கும் மேலே!

*

சிதம்பரம் ஆயிரங்கால் மண்டபத்தில் சேக்கிழார் அரங்கேற்றிய பெரியபுராணத்தின் கதாநாயகன் சுந்தரர். அவருடைய கதையே ஒரு வளர்ப்புப் பிள்ளையின் கதைதான். பழைய தென்னார்க்காட்டுத் திருநாவலூரில் பிறந்தவர். தெருவில் சிறுதேர் உருட்டி விளையாடிக்கொண்டிருந்த அந்தக் குழந்தையைத் திருமுனைப்பாடி நாட்டு மன்னர் நரசிங்கமுனையரையர் பார்க்கிறார். மனசு போய்விடுகிறது. பெற்றவர்களான சடையனாரிடமும் இசைஞானியாரிடமும் வேண்டிக் கேட்டு வாங்கிப்போய், அரண்மனையில் தன் பிள்ளையாகவே வளர்க்கிறார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். கல்யாண மேடையில் ஒரு கிழவர் வந்து, ‘நீ எனக்கு அடிமை, இதோ ஓலை’ என்கிறார். வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. மூல ஓலையையும் பழைய கையெழுத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். தீர்ப்பு கிழவர் பக்கம்.

பக்திக் கதையாகத்தான் இதை நாம் கேட்டிருக்கிறோம். ஒரு நிமிடம் வக்கீல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள். அந்த ஓலையை எழுதிக்கொடுத்தவர் யார்? சுந்தரரைப் பெற்ற குடும்பத்தின் தாத்தா! அரசன் வீட்டுச் செல்லப்பிள்ளையாக வளர்ந்தும், பிறந்த வீட்டுப் பத்திரம் கல்யாணப் பந்தல்வரை துரத்தி வந்து பிடித்துவிட்டது.

வளர்ப்பது வேறு, தத்து எடுப்பது வேறு. ஆயிரம் வருடம் தாண்டியும் நம் கோர்ட்டுகள் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான். எத்தனை வருடம் வளர்த்தாலும், பாசத்துக்குச் சட்டத்தில் தனியாகப் பட்டா கிடையாது.

*

தத்து என்பது அந்தக் காலத்தில் பாசத்துக்காக ஏற்பட்டதே இல்லை. கொள்ளி போட ஆள் வேண்டும், திதி கொடுக்க ஆள் வேண்டும், சொத்தை ஆள ஆள் வேண்டும். ஆகவே பையன்தான். பெண் குழந்தையைத் தத்து எடுப்பது சாஸ்திரக் கணக்கிலேயே இல்லை. பெற்றவர்கள் கையால் கொடுக்க வேண்டும், எடுப்பவர் கையால் வாங்க வேண்டும். நம் பக்கத்தில் மஞ்சள் நீர் குடிக்கவைப்பார்கள். ‘மஞ்சநீர்ப் பிள்ளை’ என்றாலே தத்துப்பிள்ளை என்று அர்த்தம்.

இதில் ஒரு கொடுமை உண்டு. கொடுப்பதற்குப் பெற்றவர்கள் இருக்க வேண்டும் என்பதால், அப்பா, அம்மா இரண்டு பேரும் இல்லாத அநாதையைத் தத்து எடுக்க முடியாது! யாருக்கு அதிகம் தேவையோ, அந்தக் குழந்தைக்குக் கதவு அடைப்பு.

தத்து என்றாலே சண்டைதான். 1787-ல் தஞ்சாவூர் மன்னர் துளஜா, சாகும் தறுவாயில் சரபோஜியைத் தத்து எடுத்தார். பையன் தன் சொந்த அப்பாவுக்கு ஒரே மகன். அது செல்லாது, வயதும் அதிகம் என்று ஆட்சேபம் கிளப்பி, துளஜாவின் மாற்றாந்தாய் வழிச் சகோதரர் அமர்சிங் சிம்மாசனம் ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியும் முதலில் அதை ஒப்புக்கொண்டது. பிறகு வேறு பண்டிதர்களைக் கேட்டு, ‘தத்து செல்லும்’ என்று 1798-ல் சரபோஜியை உட்காரவைத்தது. அடுத்த வருடமே அவரிடமிருந்து ஆட்சியை எழுதி வாங்கிக்கொண்டது வேறு கதை!

ராமநாதபுரம் ஜமீன் வழக்கு இன்னும் பிரபலம். கணவரை இழந்த ராணி பர்வதவர்த்தனி நாச்சியார் ஒரு பிள்ளையைத் தத்து எடுத்தார். ‘புருஷன் அனுமதி இல்லாமல் விதவை தத்து எடுக்கலாமா?’ என்று மதுரை கலெக்டர் மல்லுக்கு நின்றார். தத்து செல்லாவிட்டால் வாரிசு இல்லை, ஜமீன் சர்க்காருக்கு. வழக்கு லண்டன் ப்ரிவி கவுன்சில்வரை போனது. 1868-ல் தீர்ப்பு வந்தது. தமிழ்ப் பகுதியின் வழக்கப்படி, கணவனின் பங்காளிகள் சம்மதித்தால் விதவையின் தத்து செல்லும்! ஏட்டில் இருக்கும் சாஸ்திரத்தைவிட நாட்டில் இருக்கும் வழக்கத்துக்கே வலிமை என்று நீதிபதிகள் ஒப்புக்கொண்ட தீர்ப்பு அது. அந்தத் தத்துப்பிள்ளைதான் முத்துராமலிங்க சேதுபதி. விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்ற பாஸ்கர சேதுபதி, இவருடைய மகன். தத்து செல்லாது என்று லண்டனில் சொல்லியிருந்தால் சரித்திரம் எப்படித் திரும்பியிருக்கும் பாருங்கள்.

சரி, நம்ம விஷயத்துக்கு வருவோம். மனைவிக்கு முதல் கணவன் மூலம் பிறந்த பிள்ளை?

தமிழிலேயே ஒரு வேடிக்கை கவனித்திருக்கிறீர்களா? அப்பாவின் இரண்டாம் மனைவிக்குச் சித்தி, சின்னம்மா, மாற்றாந்தாய் என்று எத்தனை வார்த்தைகள்! அம்மாவின் இரண்டாம் கணவனுக்கு? நாக்கில் சட்டென்று வருகிற மாதிரி ஒன்றைச் சொல்லுங்கள் பார்க்கலாம். அறுத்துக் கட்டும் வழக்கம் பல சாதிகளில் உண்டு. ஆனால், அப்போதும் முதல் தாரத்துப் பிள்ளை பெரும்பாலும் செத்துப்போனவனின் குடும்பத்தோடே தங்கிவிடும். அம்மா மட்டும்தான் கிளம்பிப் போவாள்.

1856-ல் விதவை மறுமணச் சட்டம் வந்தது. அம்மா மறுமணம் செய்துகொள்ளலாம். ஆனால், முதல் கணவனின் பிள்ளையைத் தத்து கொடுக்கும் உரிமை அவளுக்கு மிச்சமிருக்கிறதா? பம்பாய் உயர் நீதிமன்றம் 1899-ல் ‘இல்லை’ என்றது. அதே நீதிமன்றம் 1908-ல் ‘உண்டு’ என்றது! வேறு வீட்டுக்குப் போனாலும் பெற்றவள் பெற்றவள்தானே என்று புரிய ஒன்பது வருடம் ஆகியிருக்கிறது.

*

சுதந்திர இந்தியா 1956 டிசம்பரில் இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தைக் கொண்டுவந்தது. பெரிய பாய்ச்சல். பெண் குழந்தையைத் தத்து எடுக்கலாம். விதவையும் கல்யாணமாகாத பெண்ணும் தங்கள் பெயரிலேயே தத்து எடுக்கலாம். ஹோமம் கட்டாயமில்லை. கொடுத்து வாங்கினால் போதும். அநாதைக் குழந்தைக்கான கதவு 1962 திருத்தத்தில் முழுசாகத் திறந்தது. கோர்ட் அனுமதியோடு காப்பாளரே கொடுக்கலாம் என்றார்கள்.

ஆனால், கணவனோடு வாழும் மனைவி? அவளுக்கு மட்டும் தத்து எடுக்கும் உரிமை இல்லை! கணவன்தான் எடுக்க வேண்டும், மனைவி சம்மதிக்க வேண்டும். கடலூரின் அந்தப் புது அம்மாக்களுக்கு விழுந்த பூட்டு இதுதான். புருஷன் எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். பிள்ளையோ அவனுடைய சொந்தப் பிள்ளை. தன் பிள்ளையைத் தானே எப்படித் தத்து எடுப்பான்? எடுக்க விரும்புகிறவளுக்கு உரிமை இல்லை. உரிமை உள்ளவனுக்கு அவசியம் இல்லை!

சுனாமி சமயத்தில் இருந்த இன்னொரு சட்டம், 2000-ம் வருடத்து இளம் சிறார் நீதிச் சட்டம். அது ஆதரவற்ற, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றியே பேசியது. அப்பாவும் சித்தியும் உள்ள பிள்ளை எந்தப் பட்டியலிலும் வரவில்லை.

‘தத்து எடுக்காவிட்டால் என்ன குடி முழுகிப்போகும்?’ என்று கேட்பீர்கள். முழுகும். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால், முதல் வரிசை வாரிசுகளில் மகன், மகள், மனைவி, தாய் எல்லாம் உண்டு. மனைவியின் முந்தைய திருமணத்துப் பிள்ளை கிடையாது. பெண்ணின் சொத்து? 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒரு பஞ்சாப் வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது. ‘மகன்’ என்ற சொல்லுக்குள் கணவனின் முதல் தாரத்து மகன் வரமாட்டான். அவன் கணவனின் வாரிசு என்கிற வகையில், பின்வரிசையில் வந்து நிற்கலாம். அவ்வளவுதான்.

*

2010-ல் பூட்டு உடைந்தது. அந்த வருடத் திருத்தச் சட்டம், கணவனின் சம்மதத்தோடு மனைவியும் தத்து எடுக்கலாம் என்றது. கொடுக்கும் உரிமையிலும் மாற்றம். அதுவரை அப்பா உயிரோடு இருந்தால் அவர் மட்டும்தான் கொடுக்கலாம். இப்போது அப்பா, அம்மா இருவருக்கும் சம உரிமை. ஒருவர் கொடுத்தால் மற்றவர் சம்மதம் வேண்டும்.

அடுத்து, 2015-ம் வருடத்து இளம் சிறார் நீதிச் சட்டம். அதன்கீழ் 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளில், மனைவி அல்லது கணவனின் முந்தைய பிள்ளையைத் தத்து எடுப்பதற்கென்றே தனி வழி போட்டார்கள். 2022-ல் அதைப் புதுப்பித்தார்கள். இந்த வழியில் மதம் ஒரு தடையில்லை. பரங்கிப்பேட்டை இஸ்லாமியக் குடும்பமும் கடலூர் கிறிஸ்தவக் குடும்பமும் தாராளமாக வரலாம்.

இப்போது சிதம்பரத்தில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவனை இழந்த பெண், ஆறு வயதுப் பையன், புதுக் கணவர். இந்துக்கள். என்ன செய்ய வேண்டும்?

முதல் வழி, 1956 சட்டம். பையனுக்கு 15 வயது முடிந்திருக்கக் கூடாது (சாதி வழக்கம் அனுமதித்தால் விலக்கு உண்டு). கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. ஏற்கெனவே தத்துப் போயிருக்கக் கூடாது. எடுப்பவருக்கு மகனோ, மகன் வழிப் பேரனோ இருந்தால் இன்னொரு ஆண் பிள்ளையை எடுக்க முடியாது. மகளுக்கும் அதே கணக்கு. ஆண் ஒருவர் பெண் குழந்தையை எடுத்தால், அல்லது பெண் ஒருவர் ஆண் குழந்தையை எடுத்தால், இருவருக்கும் 21 வயது வித்தியாசம் வேண்டும். ஒரு பைசா கைமாறக் கூடாது. மாறினால் குற்றம். அம்மா கொடுக்க வேண்டும், புதுக் கணவர் வாங்க வேண்டும். பத்திரம் கட்டாயமில்லைதான். ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதிந்துவிடுங்கள். பதிந்த பத்திரம் இருந்தால், தத்து முறையாக நடந்தது என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இங்கேதான் தலைப்பில் சொன்ன வேடிக்கை. மனைவி உள்ளவர் தத்து எடுத்தால் அந்த மனைவி தானாகவே தத்துத் தாய் ஆகிவிடுகிறார், 14-வது பிரிவுப்படி. ஆக, பெற்ற தாய் ஒரு கையால் தன் பிள்ளையைக் கொடுக்கிறார். மறு கையால் அதே பிள்ளைக்குத் தாயாகிறார்!

இரண்டாவது வழி, இளம் சிறார் சட்டம். மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் பதிவு. பெற்றவர்களின் சம்மதம், குழந்தைகள் நலக் குழுவின் முன்னால். ஐந்து வயது தாண்டிய குழந்தையின் சம்மதமும் வேண்டும். (நம் சரித்திரத்தில் குழந்தையையும் ஒரு வார்த்தை கேட்ட சட்டம் இது!) மற்ற தத்துக்களில் உள்ள பெற்றோர் வயது வரம்பு இதற்குக் கிடையாது. உத்தரவு போடும் அதிகாரம் முன்பு நீதிமன்றத்திடம் இருந்தது. 2022 செப்டம்பர் 1 முதல் மாவட்ட ஆட்சியரிடம். சிதம்பரத்துக்காரர் கடலூருக்கு பஸ் ஏற வேண்டும்.

சிக்கல் எங்கே வரும்? விவாகரத்து ஆன குடும்பங்களில். முதல் கணவர் உயிரோடு இருந்தால், 1956 சட்டப்படி அவருடைய சம்மதம் கட்டாயம். அவர் துறவியாகியிருக்க வேண்டும், மதம் மாறியிருக்க வேண்டும், அல்லது மனநிலை சரியில்லாதவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். அப்போதுதான் விலக்கு. ‘பத்து வருஷமா எட்டிக்கூடப் பார்க்கலைங்க’ என்பது இந்தப் பட்டியலில் இல்லை. அவரைத் தேடிப் பிடித்துத்தான் ஆக வேண்டும். நல்ல வக்கீல் இல்லாமல் இந்த இடத்தைத் தாண்டாதீர்கள்.

*

கணவன் இறந்திருந்தால் மாமனார், மாமியார் தடுக்க முடியுமா? ஆந்திராவில் ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. 2003-ல் கல்யாணம், 2006-ல் கணவர் மரணம். பிள்ளைக்கு இரண்டரை மாதம். மறுமணம் செய்துகொண்டார். தாத்தா பாட்டி வழக்குப் போட்டார்கள். பிள்ளைக்குப் பழைய குடும்பப் பெயரே இருக்க வேண்டும், புதுக் கணவரை ‘மாற்றாந்தகப்பன்’ என்றுதான் ஆவணத்தில் குறிக்க வேண்டும் என்ற ரீதியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இதற்கிடையே, 2019-ல் புதுக் கணவர் பதிவுப் பத்திரம் மூலம் பிள்ளையைத் தத்து எடுத்துக்கொண்டார். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. தகப்பன் இறந்தபின் ஒரே இயற்கைக் காப்பாளர் தாய்தான். எந்தக் குடும்பப் பெயர் என்று முடிவுசெய்யவும், தத்து கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. புதுத் தகப்பனை ‘மாற்றாந்தகப்பன்’ என்று எழுதவைப்பது பிள்ளையின் மனசைக் காயப்படுத்தும் ஈரமில்லாத செயல் என்ற பொருளில் நீதிபதிகள் கண்டித்தார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். முறையான தத்தை ரத்து செய்ய முடியாது. பதினைந்தாவது பிரிவு இதைச் சொல்கிறது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இணைவேந்தராக இருந்த எம்.ஏ.எம்.ராமசாமி, தன் தத்து மகனோடு உறவை முறித்துக்கொள்வதாக 2015-ல் பகிரங்கமாக அறிவித்தபோது நாடே வேடிக்கை பார்த்தது. அறிவிப்பது மனசு சம்பந்தப்பட்டது. சட்டம் அப்படி எளிதில் முறியாது. பெற்ற பிள்ளையை ‘இனி என் பிள்ளை இல்லை’ என்று பேப்பரில் விளம்பரம் கொடுப்பது மாதிரிதான்.

இன்னொன்று. தத்துப் போன நாள் முதல் பிறந்த குடும்பத்து உறவு சட்டப்படி அறுந்துவிடும். இறந்த அப்பாவின் சொத்தில் பிள்ளைக்கு ஏற்கெனவே வந்து சேர்ந்த பங்கு போகாது. ஆனால், நாளை தாத்தா இறந்தால் வரவேண்டிய பங்கு வராது. எது லாபம், எது நஷ்டம் என்று கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டு இறங்குங்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன், பாசத்துக்கும் ஒரு ஐந்தொகை போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை.

*

கடைசியாக, மறுபடியும் கடலூர்.

2004-ல் மூன்று வயதில் அம்மாவைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளை, 2010-ல் பூட்டு உடைந்தபோது ஒன்பது வயது. அப்போது எடுத்திருக்கலாம். சித்திக்குச் சொந்தமாக ஒரு மகன் பிறந்திருந்தால் அதுவும் முடியாது. 2017-ல் இரண்டாவது கதவு திறந்தபோது பதினாறு வயது. பதினெட்டுக்குள் முடிக்க வேண்டும். எத்தனை குப்பத்துக்கு இந்தச் சேதி போய்ச் சேர்ந்திருக்கும்? இன்று அந்தப் பிள்ளைக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிவிட்டது. இரண்டு கதவும் மூடியாகிவிட்டது.

ஆனால், ஒரு ஜன்னல் இருக்கிறது. உயில்! ஒரு வெள்ளைத்தாள், எழுதுபவரின் கையெழுத்து, இரண்டு சாட்சிகள். பதிவுகூடக் கட்டாயமில்லை. பதிந்தால் நல்லது. ‘நான் பெறாத என் மகனுக்கு’ என்று அந்தச் சித்தி தன் சுயசம்பாத்தியத்தை எழுதிவைத்தால் எந்தப் பங்காளியும் லேசில் அசைக்க முடியாது.

உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ இப்படி ஒரு குழந்தை இருக்கிறதா? பதினைந்து வயதுக்குக் கீழா? இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர்களிடம் கொடுங்கள். திருவெண்ணெய்நல்லூரில் ஓலையோடு வந்தவர் கடவுள். அதனால் கதை சுபமாக முடிந்தது. நம் வீட்டுக்கு ஓலையோடு வரப்போவது பங்காளிகள்!